டிக்கின் விலாசம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பழமலைநாதர் மேல் ஆணை. அது போதாது என்பவர்கள் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வரட்டும், உள்ளங்கையிலேயே அணைத்துத் தரப்படும்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் ஏற்றுகிற மஞ்சள் வேன் பூவராகவனுடையது. முப்பத்தெட்டு வருஷத்து வண்டி. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை அதன் எஞ்சினில் 'டிக்' என்று ஒரு சத்தம் பிறந்தது. திங்கட்கிழமை வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். வண்டியைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரோ, பானட்டுக்குள் கொசு பறந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பேச்சு. எஃப்.சி. கிடைக்காவிட்டால் அன்றைக்கே வண்டி காயலான் கடைக்குத்தான் என்று பூவராகவனின் மனைவி பெரியநாயகி முடிவாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு வேன்மேல் பகை கிடையாது. தூக்கத்தில் அவர் அவள் பேரைச் சொல்லி இருபது வருஷம் ஆகிறது, கியர் மாற்றுவது மட்டும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நின்று ஆறிய வண்டியை எடுத்தால் சத்தம் வரும். ஓடிச் சூடானால் அடங்கிவிடும். வரும்போது நொடிக்கு ஒன்று, கூடாது, குறையாது. பாலக்கரை டீ மாஸ்டர் அதைக் கேட்டுத்தான் டீ ஆற்றினார். வேப்பூரில் ஒரு பரோட்டா மாஸ்டர் அந்தத் தாளத்துக்கு மாவு வீசப்போய், கை நிற்காமல் நூற்றிருபது பரோட்டா கூடுதலாக விழுந்து, போகிற லாரிகளை மறித்துத் தின்னவைக்க வேண்டியதாயிற்று. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுத் தவளைகள் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, இத்தனை நாளும் தாளம் தப்பிக் கத்தியதை உணர்ந்து திருத்திக்கொண்டன.

பூவராகவனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது.

ஷெட்டுக்கு ஓட்டிப்போனால், ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி வண்டி வாயே திறக்காது. அதனால் வெள்ளிக்கிழமை மெக்கானிக் பாவாடையே வீடு தேடி வந்தார். டாப்பெட் லூசாகியிருக்கும் என்று சொல்லி அதைச் சரிசெய்தார். டிக். இன்ஜெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். டிக். கடைசியில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எஞ்சினுக்குள் நடப்பது அத்தனையும் கேட்டது. அதோடு, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிச் சேத்தியாத்தோப்பில் அவர் மாமியார் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டுவிட்டது. பாவாடை சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினார்.

மனிதரால் ஆகாததற்கு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் இருக்கிறார். குறையைப் பிராதாக எழுதி அவர் கோயிலில் கட்டினால் விசாரித்துத் தீர்ப்பார். சனிக்கிழமை பூவராகவன் டிக்கின் மேல் பிராது கொடுக்கப் போனார். எழுதித் தருகிறவர் பாதியில் பேனாவை மூடிவிட்டார்.

"எதிராளி விலாசம் சொல்லுங்க. எஞ்சினுக்குள்ளன்னு பொத்தாம் பொதுவா எழுதுனா சாமி எங்கன்னு போயி விசாரிக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. விலாசத்தைக் கண்டுபிடிக்காமல் இனி வேலை நடக்காது என்று அவர் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த தெருவிலிருக்கும் பீங்கான் பட்டறைக்கு லோடு ஏற்றப் போனார். வண்டி சூடாவதற்குள் போய்ச் சேர்ந்ததால் டிக்கும் கூடவே வந்தது. அங்கே காசியம்மாள் சாமானைத் தரம் பிரிக்கிறவள். கோப்பையை விரல் முட்டியால் தட்டுவாள். 'டங்' என்றால் நல்ல சாமான், 'டொக்' என்றால் விரிசல். ஒரே தட்டில், மண் எந்த ஏரியில் வெட்டியது, அன்றைக்குச் சூளைக்காரர் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை சொல்லிவிடுவாள். குழம்பில் மட்டும் இரண்டு தடவை தப்பியிருக்கிறது.

அவள் பானட்டைத் தூக்கச் சொன்னாள்.

"மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணே. அது பேசிக்கிட்டே இருந்தா நான் என்னத்தக் கேக்கறது?"

ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். இது நல்ல சாமான், இதுவும் நல்ல சாமான், இது ரெண்டாம் தரம், ஓடும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயின் அடியில் தட்டியபோது 'டொக்' என்றது.

"இந்தா இருக்குது பாருங்க, மயிரிழை விரிசல். ஆறிக் கெடந்தா வாயத் தொறக்குது, சூடானா மூடிக்குது. புகை சீறுறதத்தான் நீங்க டிக்குங்கறீங்க."

பாவாடை டாப்பெட் என்றல்லவா சொன்னார் என்று பூவராகவன் இழுத்தார்.

"பாவாடை ஒரு கோப்பையத் தட்டியிருப்பாரா?" என்று கேட்டுவிட்டு, வெல்டிங்காரருக்கு இடம் தெரியட்டும் என்று விரிசலைச் சுற்றி நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாள்.

விலாசம் கிடைத்த சந்தோஷத்தில் பூவராகவன் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் வண்டி இல்லை.

அந்தப் பட்டறையில் நீல வட்டம் போட்ட சாமான் எதுவானாலும் இரண்டாம் தடவை சூளைக்குப் போகும். சூளை பார்க்கிற தேவநாதனிடம் கேட்டார்.

"உள்ள போயிட்டுதுங்க. வட்டம் போட்டிருந்துது, வட்டத்த நாங்க கேள்வி கேக்கறதில்ல. டயரு, சீட்டு, டீசலு எல்லாம் எடுத்து வச்சிட்டுத்தான் தள்ளுனோம். அந்த வெவரம்கூடவா தெரியாது எங்களுக்கு?"

நடுவில் திறந்தால் உள்ளேயிருக்கும் நாலாயிரம் கோப்பையும் வெடித்துவிடும். ஆயிரத்து இருநூறு டிகிரியில் தன் வாழ்க்கை வெந்துகொண்டிருக்க, பூவராகவன் சூளைக் கதவுக்கு எதிரே ஒரு ஜாடியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு கொண்டுவந்த பெரியநாயகி சூளையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு காயலான் கடைக்காரருக்குப் போன் செய்து, எடை கொஞ்சம் குறையும்போலத் தெரிகிறது என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை சூளையிலிருந்து சாமான் டிராலி வெளியே வந்தது. வேன் வெள்ளைவெளேரென்று பளபளத்தது. பக்கத்தில் வெந்த கோப்பைகளின் நீலப் பூ இரண்டு கதவிலும் ஒட்டியிருந்தது. விரிசலில் பீங்கான் பூச்சு உருகி ஓடி அடைத்திருந்தது. டயரை மாட்டிச் சாவியைத் திருகினார். டிக் இல்லை. வண்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் எஞ்சினில் காதை வைத்து ஐந்து நிமிஷம் கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. ஏமாற்றத்தில் பேனாவால் பானட்டைத் தட்டினார். 'டங்' என்று எழுந்த நாதம் ஜங்ஷன்வரை போனதில், ரயில் புறப்படுகிறதென்று நினைத்து மூன்று பேர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். நாதம் அடங்கும்வரை காத்திருந்து கையெழுத்துப் போட்டார்.

"பாத்து ஓட்டுங்க. கீழ போட்டுடாதீங்க" என்றார்.

ஆக, வண்டி காயலான் கடைக்குப் போகவில்லை; இன்றைக்கும் பூவராகவன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதன் எஞ்சின் 2011ஆம் வருஷம் கழற்றி விற்கப்பட்டு, அன்றுமுதல் வேப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.