நிர்மலா விட்டுவைத்த வெள்ளை

1
குற்றவாளியைக் கடைசிப் பத்திவரை ஒளித்துவைக்கும் வசதி இந்தக் கதையில் எனக்கில்லை. கள்ளக்குறிச்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘பவளப்பாறை காப்போம்’ ஓவியப் போட்டி. நடுவர் நான். முதல் பரிசை அறிவித்ததும் நான்தான்.

2
தொடக்கம், முதல் முயற்சி:

[கடலுக்கடியில் ஆயிரம் பிணங்கள். எல்லாமே வெள்ளை. இன்ஸ்பெக்டர் தங்கதுரை டார்ச்சை—]

வேண்டாம். இன்ஸ்பெக்டர் வந்தால் யாரையாவது கைது செய்தாக வேண்டும்.

இரண்டாவது: நிர்மலா, பத்தாம் வகுப்பு, தியாகதுருகம். கடலைப் பார்த்ததே இல்லை. கடல் சூடேறி வெளுத்துப்போன பவளப்பாறையை வகுப்பில் வீடியோவில் பார்த்தாள். பன்னிரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். சுற்றிலும் நீலம், பாறை மட்டும் வெள்ளை. முதல் பரிசு, கோப்பையோடு ராமேஸ்வரம் பயணம். படகில் போய் நிஜப் பவளப்பாறை பார்க்கலாம்.

3
அவள் அப்பா சின்னக்கண்ணு வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் தொழிலில் வெள்ளை என்றால் ப்ரைமர், வெறும் அடிப்பூச்சு. மேலே கலர் ஏறாதவரை வேலை முடியவில்லை. படத்தை ஒப்படைப்பதற்கு முந்தின சாயங்காலம் மகள் டியூஷன் போயிருந்தாள். வேலையில் மிஞ்சிய டப்பாக்களைத் திறந்தார். ரோஸ், ஆரஞ்சு, கிளிப்பச்சை. மகள் திரும்பி வந்தபோது பாறையில் வெள்ளையே இல்லை.

“இன்னாப்பா பண்ணி வச்சிருக்க?”

“ப்ரைமரோட உட்டுட்டியேம்மா. அரகொற வேலையப் பாத்தா சிரிக்க மாட்டாங்க?”

“அது செத்துக்கினு இருக்குதுப்பா. அதான் வெள்ளை.”

“செத்ததுக்கு எவன் பரிசு குடுப்பான்? போ, போய்ச் சாப்புடு.”

(நான் அங்கே இல்லை. மேடையில் அவள் சொன்ன இரண்டு வரியை வைத்துக் கட்டிய பேச்சு இது. ஆனால் ஒன்று நிஜம். சின்னக்கண்ணுவின் பிரஷ் ஓரிடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை.)

4
அவர் கணக்கு தப்பவில்லை. வெள்ளைப் பாறை என்னை அந்தப் படத்தின் முன் நிறுத்தியிருக்குமா, தெரியாது. கலர் நிறுத்தியது. “என்ன உயிர்த்துடிப்பு!” என்று மைக்கில் சொன்னேன்.

மேடையேறிய நிர்மலா என் பக்கம் குனிந்தாள். “சார், நான் வெள்ளையாத்தாங்க வரைஞ்சேன். கலரு எங்க அப்பா அடிச்சதுங்க.”

முதல் வரிசையில் சின்னக்கண்ணு. தேய்த்த சட்டை, நக இடுக்கில் ரோஸ் பெயின்ட். பக்கத்து ஆளிடம், “எம்பொண்ணுங்க” என்றார்.

5
முடிவு அ: மைக்கை வாங்கி உண்மையைச் சொல்கிறாள். கடல் கைவிட்டுப் போகிறது. கைதட்டிய கைகளை எங்கே வைப்பதென்று சின்னக்கண்ணுவுக்குத் தெரியவில்லை.

முடிவு ஆ: பேசாமல் கோப்பையை வாங்குகிறாள். ராமேஸ்வரத்தில் படகுக்குக் கீழே எல்லாமே வெள்ளை.

முடிவு இ: நடுவர் எழுந்து, தவறு என்னுடையது என்று

[இதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். அந்த ஆள் அப்படிப்பட்டவன் இல்லை.]

6
என் ஒரு கையில் கோப்பை, இன்னொன்றில் மைக். நிர்மலா கை நீட்டிவிட்டாள். சின்னக்கண்ணு இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்.

என்னால் ஆகவில்லை. கோப்பையா, மைக்கா, நீங்கள் கொடுங்கள்.