இரண்டு பிரேக் வைத்த கார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கார் வேலையை எல்லாம் அதுக்குன்னு இருக்கறவன்கிட்ட குடுக்கணும்" என்றார் மாமா. என் அக்காவின் கணவர். அவருக்குப் பல்பு மாட்டக்கூட ஆள் வர வேண்டும். வந்த ஆளின் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்பார். அவர் அதைச் சொன்னபோது அக்கா சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் முயற்சி: "அவள் கைகளில் கிரீஸ் இன்னொரு தோலைப் போல..."

வேண்டாம். கிரீஸ் கிரீஸ்தான். சோப்பு போட்டால் பாதி போகும்.

இரண்டாவது முயற்சி: "எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான்..."

இதையும் அடித்துவிட்டேன். கதை என்னைப் பற்றியது இல்லை. (ஆனாலும் முதல் பட்டதாரி நான்தான். டயர் மாற்றத் தெரியாது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் குத்திக்காட்டுகிற கதை தேடி வந்திருந்தால் நீங்கள் இப்போதே கிளம்பலாம்.)

2

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு போர்டு, அக்கா. அவ்வளவுதான்.

அந்தக் காரில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. ஓட்டுபவரின் பிரேக்கோடு அதை ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். படிக்க வந்தவர் சுவரைப் பார்த்துப் பாய்ந்தால் அக்கா இங்கிருந்து மிதிப்பாள். வருடக்கணக்காக அவள் இடம் அந்தப் பக்கத்து சீட்தான்.

அவள் சக்கரத்தைக் கழற்றியதற்கு முந்தின நாள் சாயங்காலம் பிரேக் பிடித்தபோது இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட் தேய்ந்துவிட்டது. மறுநாள் மதியம் ஒரு நர்ஸுக்கு லைசென்ஸ் டெஸ்ட், அதே காரில். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸைக் காட்டினால்தான் வேலை கைக்கு வரும். மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, இரண்டு நாளைக்குக் கை வைக்க முடியாது என்றார்.

(மெக்கானிக்கை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். ஒட்டவில்லை. மனுஷன் ஒழுங்கானவர். மற்றவர்கள் காரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா மட்டும் கூடவே நின்று நோண்டி நோண்டிக் கேட்பாள். அவரும் சலிக்காமல் சொல்வார். காசு கொடுத்து வேலை வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்க மட்டுமே தெரிந்தவர்கள், தானே இறங்கிச் செய்கிறவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

3

மறுநாள் காலையில் அக்கா வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் எழுத்தில் அது பாதிதான் வரும்.

ஜாக்கியை ஏற்றியதும் காரைத் தோளால் ஒரு தள்ளு தள்ளி, அசையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒரு போல்ட் மட்டும் அடம் பிடித்தது. அதைத் திட்டினாள். பிறகு எண்ணெய் விட்டு, "சரி, நீ ஊறு" என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள். திரும்பி வந்து கை வைத்தாள், கழன்றது. அவசரமே இல்லை. அவசரப்பட அவளுக்குத்தான் எல்லாக் காரணமும் இருந்தது.

(ஒரு போல்ட்டோடு இப்படிப் பேசுகிறவளை நான் எங்கே கண்டுபிடிப்பேன்? கற்பனையில் வர மாட்டாள்.)

4

இந்த இடத்தில் அவளை ஜெயிக்க வைத்துவிட எனக்கு ஆசை. முடியாது. அவள் தப்பு செய்தாள்.

புது பேட் தடிமனானது. அதற்கு இடம் வேண்டுமென்று உள்ளே இருக்கிற பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால்தான் அது முன்னால் வந்து பேடை அழுத்தும். அக்காவுக்கு இது தெரியும். ஏறி உட்கார்ந்தாள், மிதித்தாள், "கல்லு மாதிரி நிக்குது" என்றாள். என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, மெதுவாக வெளியே எடு என்றாள்.

கார் வாசல் சரிவில் உருண்டது. பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. ஒன்றுமே பிடிக்கவில்லை. அக்கா எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் தண்ணீர் டிரம் நசுங்கிவிட்டது.

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து கம்பியைத் தொட்டாள். தொளதொளவென்று இருந்தது. அவள் மிதித்தது எல்லாம் பக்கத்து சீட்டில் இருந்து; தொளதொளத்த கம்பி வழியாக அது பிரேக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த மிதி தரையில் முட்டி நின்றதைத்தான் பிரேக் பிடித்ததாக நினைத்திருக்கிறாள்.

"டிரைவர் சீட்டுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு பாரேன்" என்று சிரித்தாள்.

கம்பியை முறுக்கிக் கட்டினாள். என்னை இறக்கிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் மேலே மேலே வந்து இறுகியது. பிறகு தனியாகவே தெருவுக்கு எடுத்துப் போய், ஓடவிட்டு, சடார் சடாரென்று நிறுத்திப் பார்த்தாள். திரும்பி வந்து பக்கத்து மிதியாலும் அதையே செய்தாள். எங்கும் வழுக்கவில்லை.

5

நர்ஸ் வந்தபோது டிரம் தண்ணீர் கொட்டிய தரை காய்ந்துவிட்டிருந்தது. மாமா டிரம்மை வீட்டுக்குப் பின்னால் உருட்டிவிட்டிருந்தார். ஜன்னலில் நின்று, சொல்லாதே, சொல்லாதே என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"பிரேக்க நானே மாத்தினேன். முதல்ல தப்பா பாத்துட்டேன், கார் போய் டிரம்ல இடிச்சுது. இப்ப சரியா இருக்கு, ஓட்டிப் பாத்துட்டேன். உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா பக்கத்து ஸ்கூல் கார் கேட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு அக்காவைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வேலை, லைசென்ஸ், பழக்கமில்லாத கார், நசுங்கிய டிரம். எல்லாம் நர்ஸ் முகத்தில் ஓடியது. கடைசியில் ஒன்று கேட்டார்.

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"உங்க பக்கத்துலதான்."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நர்ஸ் ஏறி, ஓட்டி, ஜெயித்து வருகிறார். இன்னொன்றில் பக்கத்து ஸ்கூல் காரில் போகிறார். அக்கா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகிறாள். மூன்றாவதில் டெஸ்ட்டே...

மூன்றையும் கிழித்தேன். நர்ஸ் ஜெயித்தார் என்று எழுதினால் "பரவாயில்லையே, பொண்ணு செஞ்சும் பிரேக் பிடிக்குதே" என்பீர்கள். தோற்றார் என்றால் "அப்பவே மெக்கானிக்கிட்ட குடுத்திருக்கலாம்" என்பீர்கள். டெஸ்ட்டுக்கு முன்பே சரியாகிவிட்ட பிரேக்குக்கு டெஸ்ட் முடிவு எதற்கு? எனக்குத் தெரியும் என்ன நடந்தது என்று. சொல்ல மாட்டேன்.

அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுவிட்டாள். ஓட்டுபவர் பக்கக் கதவு திறந்திருக்கிறது. நர்ஸை நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டேன். இனி ஏறுவதா வேண்டாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.