நஸீராவின் தாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மனாமாவில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்தேன். இங்கிலீஷ் தெரியும், கந்தோர்க் கடிதங்கள் தெரியும், ஆகவே உலகத்தில் எல்லாம் எனக்கு விளங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். எண்பத்தைந்தாம் ஆண்டு.

மனாமா சின்ன இடம். சவூதிக்குப் போகும் பாலம் அப்போது கட்டி முடியவில்லை. காலையில் மீன் சந்தையில் பார்த்த முகத்தையே பின்னேரம் தபால் கந்தோரிலும் பார்க்க வேண்டும். ஒருவரோடு சண்டை பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கக்கூட அந்தத் தீவில் இடம் போதாது. எனக்கு வீடு வாடகைக்குத் தந்த குடும்பம் மேல்மாடியில் இருந்தது. வீட்டுக்காரியை எல்லோரும் உம்மு மக்தூம் என்று கூப்பிடுவார்கள். மூத்த மகன் மக்தூமின் தாய் என்று பொருள். அவள் வீட்டில் நஸீரா என்றொரு வேலைக்காரி இருந்தாள். அவள் மேலே துணி காயப்போட்டால் கீழே என்னுடைய சேலையெல்லாம் ஈரமாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அண்ணாந்து பார்த்து இங்கிலீஷில் கிழி கிழி என்று கிழித்தேன்.  மேலிருந்து மெதுவாக ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"ஆமா, பெரிய மகாராணி. பட்டுச் சேல நனைஞ்சிருச்சாக்கும்."

தமிழ்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவும் எங்கள் இலங்கை மலைநாட்டுத் தமிழ். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனேன். அவள் என்னைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு என் காலைப் பிடிக்க வந்தாள்.

"காட்டிக் குடுத்திராதீங்கக்கா. ஒங்களக் கும்புடுறேன்."

அவள் நஸீராவே இல்லை. நாகவள்ளி. மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அவளும் அவள் தாயும் அங்கேயே பிறந்தவர்கள்தான், ஆனால் பிரஜாவுரிமை கிடையாது. பிரஜாவுரிமை இல்லாதவளுக்கு எந்த அரசாங்கம் பாஸ்போர்ட் கொடுக்கும்? புத்தளத்தில் நஸீரா என்றொரு பெண் வெளிநாடு போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள், பிறகு கலியாணம் பேசியதால் போகவில்லை. கொழும்பு ஏஜென்ட் அதில் நாகவள்ளியின் படத்தை ஒட்டி அனுப்பிவிட்டான். தகப்பன் மௌத்து, உயிரோடு இல்லை, தாய் மெஹர்பானு பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை என்று பாடமாக்கிக் கொடுத்தும் இருந்தான். தொழுகையையும் பழக்கி விட்டிருந்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் யார்மேல் கோபப்படுவது? அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தாய் நாற்பத்தைந்து வயதுக்காரி, கொழுந்து பறிக்கிறவள், கல்லுப்போல உடம்பு. நாகவள்ளிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் எழுதும் கடிதங்கள் என் கம்பனித் தபால் பெட்டிக்கு என் பெயரில் வரும்படி ஏற்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் பின்பக்கப் படிக்கட்டில் குந்தியிருந்து வாசித்துக் காட்டுவேன். "புள்ள ஒசந்திருச்சா, எழுதியிருக்காங்களா?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள்.

ஒன்றரை வருஷம் அப்படியே போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உம்மு மக்தூம் தலையில் துணிகூடச் சரியாகப் போடாமல் கீழே ஓடி வந்தாள். கையில் தந்தி. இங்கிலீஷில் இருந்தது, வாசித்துச் சொல் என்றாள். கொழும்பு ஏஜென்சி அடித்த தந்தி.

நஸீராவின் தாய் காலமானார், உடனே அனுப்பவும். அவ்வளவுதான்.

நாகவள்ளியின் தாயா என்று முதலில் பதறினேன். பிறகு என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பெரிய மூளை! நஸீராவின் தாய் யார்? புத்தளத்து மெஹர்பானு. படுத்த படுக்கைக்காரி. அவள் போய்ச் சேர்ந்திருக்கிறாள், விஷயம் தெரியாத ஏஜென்சிக் கிளார்க் ஒருவன் கோப்பைப் புரட்டி, மகள் மனாமாவில் என்று கண்டு தந்தி அடித்துவிட்டான். கேள்விக்கே இடமில்லாத நியாயம்.

உம்மு மக்தூம் நல்ல மனுஷி. தந்தியின் விஷயத்தைச் சொன்னதும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "மிஸ்கீனா, மிஸ்கீனா" என்று ஏழைப்பிள்ளைக்கு இரங்கினாள். டிக்கெட் எடுக்கிறேன், ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வரட்டும் என்றாள். எனக்குள் ஒரு குறுகுறுப்பு. நாகவள்ளி பிள்ளையைப் பார்க்கப் போகிறாள்!

மேலே போய் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"ஐயோ, அம்மாவுக்கா?" அவள் முகம் வெளிறிப் போனது.

"விசரி மாதிரிக் கதையாதை. உன்ர அம்மாவுக்கு ஏதுமெண்டால் மாஸ்டர் எனக்கெல்லோ கடிதம் போடுவார்? இது புத்தளத்துக் கிழவி. பாஸ்போர்ட்காரியின்ர தாய்."

"நெசமாவாக்கா?"

"நான் சொல்லிப் பிழைச்சிருக்கே? மேடம் டிக்கெட் எடுக்கிறா. பிள்ளையைப் பார்க்கப் போறாய். இப்ப வெளியில போய் நல்லா அழு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் குலுங்கினோம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"மொகம் தெரியாத கெழவிக்கு எப்புடிக்கா அழுவுறது?"

"உன்ர அம்மா எண்டு நினைச்சுக்கொண்டு அழு," என்றேன்.

என்னுடைய வாய்தான் சொன்னது. வேறு யாரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். நாகவள்ளி கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடுவில் இருந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கண்டதில்லை. நெஞ்சில் அடித்தாள், தரையில் புரண்டாள். உம்மு மக்தூமின் மாமியார் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் களைத்துப் போனாள். நானோ, இவள் என்னவொரு கெட்டிக்காரி என்று மனதுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு படிக்கட்டில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அம்மான்னு நெனச்சேங்கா. நெனச்சதும் சும்மா கொட்டிருச்சி. அப்பறம் தூ தூன்னு துப்பிட்டு வாயில அடிச்சுக்கிட்டேன். அம்மா நூறு வயசு இருக்கணும்."

"இருப்பா, இருப்பா. நீ போய்ப் படு."

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த, டிக்கெட் கிடைக்க என்று ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் அவள் கால் நிலத்தில் பாவவில்லை. யாராவது விசாரிக்க வந்தால் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். பத்தாம் நாள் விமானம்.

ஒன்பதாம் நாள் காலை கந்தோரில் என் மேசையில் கடிதம் கிடந்தது. மாஸ்டரின் கையெழுத்து. இன்றைக்கே வாசித்துக் காட்டினால் சந்தோஷமாகப் போவாளே என்று அங்கேயே உடைத்தேன்.

மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக் கூடு கலைந்து, நாலு பெண்களைக் கொட்டியிருக்கிறது. மூன்று பேர் பிழைத்துவிட்டார்கள். நாகவள்ளியின் தாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். "ஏஜென்சிக்கு ஆள் அனுப்பித் தந்தி கொடுக்கச் சொன்னோம். பாஸ்போர்ட் பெயருக்குத்தான் கொடுக்க முடியும் என்றார்கள். கிடைத்திருக்கும். நாலு நாள் வைத்திருந்து பார்த்தோம், மகள் வரவில்லை, அடக்கம் செய்துவிட்டோம். பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறது."

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். அறையில் இருந்தவர்கள் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது.  தாயின் பிணத்தை நாலு நாள் வைத்துக்கொண்டு இவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். நானல்லவா சிரிக்க வைத்தேன். ஐயோ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வீடு வரும் வரைக்கும் யோசித்தேன். நாளைக்குப் போய் இறங்கும்போது தானாகத் தெரிந்துகொள்ளட்டும். நினைக்கவே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. மேலே போனேன்.

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "அம்மாவுக்குப் பத்துமாக்கா? தோள்பட்ட கொஞ்சம் அகலம் அதுக்கு," என்றாள்.

நான் கடிதத்தை எடுத்தேன். முகத்தைப் பார்த்தே ஏதோ விளங்கிவிட்டது அவளுக்கு. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க."

வாசித்தேன். ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அசையவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், திரும்ப எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

அப்போது உம்மு மக்தூம் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். நாகவள்ளியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"கண் காய்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லா. அன்றைக்கு எப்படி அழுதாள்! இப்படி ஒரு மகள் கிடைக்க அந்தத் தாய் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இன்றைக்குத் தேறிவிட்டாள், பார்."

அரபியில்தான் சொன்னாள். நாகவள்ளிக்கு என்னைவிட அரபி நன்றாக விளங்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அழுதது அம்மாவுக்குப் போய்ச் சேந்திருக்குமாக்கா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற என் வாய் திறந்தபடி நின்றது. அழுகைதான் வந்தது. தரையில் இருந்துவிட்டேன். யாரோ ஒரு வேலைக்காரியின் தாய்க்கு ஒன்பது நாள் கழித்து இந்தக் கீழ்வீட்டுக்காரி ஏன் இப்படித் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள் என்று விளங்காமல், உம்மு மக்தூம் எனக்குத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.