ரெண்டு எண்ணுங்க

"சொல்லிட்டு ரெண்டு எண்ணுங்க. அப்புறமா காதக் குடுங்க." கந்தப்பளைக் கடைத்தெருவில் கொமினிகேசன் என்று டெலிபோன் கடை வைத்திருக்கும் சண்முகராஜா முதலாளி யார் வந்தாலும் இதைத்தான் சொல்வார். குவைத்திலிருந்து வரும் பேச்சு வானத்துக்கு ஏறி இறங்கி வருகிறதாம். எண்ணாமல் பேசினால் இரண்டு குரலும் நடுவழியில் முட்டிக்கொள்ளும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தால், ரிசீவரைப் பிடித்தபடி ஆட்கள் விரலை மடக்கிக்கொண்டு நிற்பார்கள். நானும் நாலு வருஷம் மடக்கினேன்.

என் பொஞ்சாதி நாகலெட்சுமிக்கு அங்கே ஒரு வீட்டில் வேலை. ரெண்டு வருஷம் என்றுதான் போனாள். அது முடிந்து இன்னும் ரெண்டு வருஷம் போட்டாள். அதுவும் வருகிற சித்திரையோடு சரி. "சுதர்ஷினி பள்ளிக்கூடம் போறாளா?", "அங்க மழையா?" மகளைப் பற்றி, மழையைப் பற்றி, எதைப் பேசினாலும் ரெண்டு எண்ணினால் மறுபேச்சு வந்துவிடும். நான் கேட்கும் "எப்ப வர்ற?" என்பதற்கு மட்டும் ஆறு, ஏழு வரைக்கும் போகும். பிறகு, "லைன் இழுக்குதுங்க, என்ன கேட்டீங்க?" என்பாள். அந்தப் பாழாய்ப்போன லைனை நான் திட்டாத திட்டில்லை.

அதனால்தான் நானுஓயாவிலிருந்து எங்கள் பக்கத்துக்குப் புது டெலிபோன் லைனுக்குக் கண்ணாடிக் கம்பி பதிக்க ஆள் கேட்டபோது, தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ஓடினேன். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும். மூணடி ஆழம் வெட்ட வேண்டும். பனி மூடினால் பக்கத்து ஆள் தெரியமாட்டான், மம்பட்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெள்ளைக்குள் நின்று வெட்டும்போது, இப்படியே போய்க்கொண்டிருந்தால் குழியின் அந்தப் பக்கம் நாகலெட்சுமி துணி அலசிக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்த்து "வந்துட்டீங்களா?" என்பாள் என்று தோன்றும். கிறுக்குத்தனம்தான். ஆனாலும் அந்த நினைப்பில் கை வலிக்கவில்லை.

கம்பியைப் பொருத்த வந்தவர் ஜெயதீபன், யாழ்ப்பாணத்து இளம் எஞ்சினியர். உறையை உரித்துத் தலைமயிர் கணக்காக ஒரு கண்ணாடி இழையைக் காட்டினார்.

"இதுக்குள்ளால வெளிச்சம்தான் போகும், அண்ணை. கடலுக்குக் கீழால முந்தியே வந்திட்டுது, மலைக்கு ஏறுறதுதான் மிச்சம். இனி அங்க கதைக்க இங்க கேக்கும். கையை நீட்டுங்கோ."

நீட்டினேன். இரண்டு கட்டை தூரத்துக்கு அந்தப் பக்கம் கம்பியின் மறுமுனையில் யாரோ விளக்கைப் போட, என் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு புள்ளி வந்து விழுந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் நாகலெட்சுமி கையில் வைத்திருந்த மருதாணிப் பொட்டு மாதிரி இருந்தது. கையை மூடினேன். அது விரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

பங்குனியில் லைனை மாற்றினார்கள். அந்த வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

"ஏங்க?"

காதுக்குள்ளேயே உட்கார்ந்து கூப்பிட்டாள். "நான்தான் புள்ள" என்று சொல்லிப் பழக்கத்தில் விரலை மடக்கப் போனேன், அதற்குள் அவள் சிரித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வளையல் சத்தம் கேட்டது. அங்கே ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. அந்த வீட்டுக் குழந்தை எதற்கோ கூப்பிட, நாகலெட்சுமி அந்தப் பாஷையிலேயே சட்டென்று பதில் சொன்னாள். ரெண்டெல்லாம் எண்ணவில்லை.

"சித்திரையில முடியுதே. எப்ப வர்ற?"

ஒன்று, இரண்டு. குழாய் சொட்டியது. ஐந்து. ஒரு கை விரல் தீர்ந்து மறுபடியும் மடக்கினேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. எச்சில் விழுங்கினாள், அதுவும் கேட்டது. ஒன்பது.

"லைன் இழுக்குதுங்க" என்றாள்.

சண்முகராஜா முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்பிடி, சும்மா கண்ணாடி மாதிரி கேக்குதா?" என்று சைகையில் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"ஆமா புள்ள," என்றேன் ரிசீவரில், "இழுக்குது."

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. குவைத்தில் ஒரு வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கந்தப்பளையில் நான் மடக்கிய விரலைப் பிரிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.