கோழிப் பண்ணை என்று சொன்னவன்

நிபோங் திபால் பக்கத்துப் பன்றிப் பண்ணையில் காலை வேலை இப்படித்தான் தொடங்கும். எண்ணெய் போன்ற மருந்தைக் கொஞ்சம் தீனியில் ஊற்றி, வெறுங்கையால் பிசைந்து, இன்னும் குட்டி போடாத இளம் பன்றிகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பாள் சுபாஷினி. அவள் கணவன் மோகனராஜ்தான் அங்கே மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கிறவன். கையுறை போட்டால் பாதி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

அந்த மருந்து உள்ளே போகும்வரை பன்றிக்குப் பருவம் வராது. நிறுத்தினால் எல்லாம் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்துத் தீனியைக் கூட்டினால் குட்டியும் கூடும். மோகனராஜுக்கு இதெல்லாம் அத்துப்படி. தன் மனைவிக்கு மாதக்கணக்கில் தீட்டு வராதது ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. "மலடியக் கட்டிட்டு வந்து நிக்கிற" என்று அவன் அம்மா சொன்னபோது பேசாமல் இருந்தான்.

ஜார்ஜ்டவுன் டாக்டர் ஹமீதா பல சோதனைகள் செய்து பார்த்துவிட்டார். காரணம் பிடிபடவில்லை.

"கோழிப் பண்ணையில என்னதான் மருந்து புழங்குறீங்க?"

சுபாஷினி கணவனைப் பார்த்தாள். முஸ்லிம் டாக்டர் முன்னால் பன்றி என்று எப்படிச் சொல்வது என்று கூசி, முதல் நாளே கோழி என்று சொல்லிவைத்திருந்தான் அவன்.

"கோழி இல்ல டாக்டர்... நாலு காலு," என்றான் மோகனராஜ்.

"ஆடா?"

"பன்னி. மன்னிச்சிருங்க."

"சாப்பிடத்தான் கூடாது அண்ணே, காதால கேக்கலாம் லா." டாக்டர் சிரித்தார். "சரி, என்ன மருந்து?"

அவன் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு நின்றது.

"க்ளவ்ஸ்?"

"இவருதான் வேணாம்னாரு," என்றாள் சுபாஷினி.

"அது தோல் வழியா உள்ள போகும்மா. பிள்ளை பெத்துக்கிற வயசுல அதைத் தொடவே கூடாது. பன்னிக்கு நிறுத்துற மருந்து உங்களுக்கும் நிறுத்தும். இன்னிக்கே விடுங்க. திரும்ப வரும்னுதான் நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது."

மோகனராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டியவளுக்குத் தினமும் தானே மருந்து வைத்திருக்கிறான்.

வெளியே வந்ததும் சுபாஷினி கேட்டாள்: "உங்கம்மா மலடின்னப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

அவன் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினான்.

"சரி, இன்னிக்கு என் வேலைய யாரு பாக்குறா?"

காலையில் அவன்தான் ஆள் மாற்றிவிட்டு வந்திருந்தான். நீலவேணி. போன மாதம்தான் கல்யாணமான பெண். அவசரமாகப் போன் போட்டான்.

"வேணி, மருந்து கலந்துட்டியா?"

"கலந்துகிட்டே இருக்கேன் அண்ணே. நீங்க சொன்ன மாதிரி கையாலதான்."

"விடு! கீழ போடு! சோப்பு போட்டுக் கழுவு!" வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சொன்னது தப்பு. இனிமே எந்தப் பொண்ணும் அந்த மருந்தைத் தொடக் கூடாது. நாளையிலேர்ந்து நானே கலக்குறேன், க்ளவ்ஸ் போட்டுகிட்டு. இன்னொண்ணும் கேட்டுக்க. டாக்டர்கிட்ட போனா என்ன வேலை செய்யுறோம்னு வெக்கப்படாம சொல்லணும். நான் வெக்கப்பட்டேன். பழிய எம் பொண்டாட்டி சுமந்தா."