ஜோஹான் ரிம்பாவின் கடைசிப் பாட்டு

கதவைச் சாத்திவிட்டு நானும் அத்தையும் வெளியே வெயிலில் நின்றோம். உள்ளே வாழையிலைக்கு முன்னால், செத்துப்போன என் மச்சான் கவிநேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படையல் போட்டு, பத்தி கொளுத்தி, வீட்டார் வெளியே வந்துவிட வேண்டும். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் வரமாட்டானாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறப்பதுதான் வழக்கம். அத்தை திறக்கவிடவில்லை.

"மணி அஞ்சரை ஆகப் போகுது அத்தை. அங்க ஆரம்பிச்சிருவாங்க."

"இருங்க மாப்ள. முட்டைய அவன் கடைசியாத்தான் தின்னுவான். நம்ம பாட்டும் கடைசிதானே. போயிறலாம்லா."

மாமியாரை ராக் கச்சேரிக்கு அழைத்துப் போகும் மருமகன் மலாக்காவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி ஜெயாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வரமுடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஜெயாவின் தம்பி கவிநேசன். தோட்டத்து லய வீடுகளில் மற்ற பையன்கள் சினிமாப் பாட்டுக் கேட்டபோது, இவன் முடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு மலாய் ராக் கேட்டான். அதிலும் ஜோஹான் ரிம்பாவின் ஒரே ஒரு ஆல்பம். நண்பனிடம் வாங்கிக் காலி கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். கடைசிப் பாட்டு விசிலோடு தொடங்கும். அது வந்ததும் கூடவே கத்திப் பாடுவான். பேய் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அத்தை கரண்டியால் பலகைச் சுவரைத் தட்டுவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவன் மோட்டார் சைக்கிள் லாரிக்கு அடியில் போனது.

அதற்குப் பிறகு அத்தை அந்தக் கேசட்டை விடாமல் போட்டார். ஒருநாள் ரேடியோ நாடாவை மென்று துப்பியது. பென்சிலால் சுற்றிப் பார்த்தேன், தேறவில்லை. கடைகளில் அந்த ஆல்பம் வருவது நின்று பல காலம். அலோர் காஜா பசார் மாலாம் இரவுச் சந்தை முழுக்க அலைந்து வெறுங்கையோடு வந்த அன்றுதான் அத்தை சொன்னார்.

"மொகம் போட்டோல இருக்கு மாப்ள. கொரலுதான் போயிருச்சு. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. அந்தப் பாட்டு ஒருக்கா கேட்டா வந்துரும்."

ஜோஹான் ரிம்பா அந்த ஆல்பத்தை அப்படியே வரிசையாக முழுசும் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் பாடப் போகிறார் என்று, போஸ்டரை நான்தான் பார்த்துவந்து சொன்னேன். தேதி அவன் செத்த நாளாகவே இருந்தது. அவனே கூப்பிடுகிறான் என்றார் அத்தை.

போய்ச் சேர்ந்தபோது கடற்கரைத் திடல் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். தொப்பையும் வழுக்கையுமாக, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடினார்கள். மேடையில் ஜோஹான் ரிம்பா அந்த வெக்கையிலும் தோல் சட்டை போட்டிருந்தார். மேல்சுருதி வரும் இடங்களில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் தலையாட்டினார்.

"இன்னும் ரெண்டு. அப்புறம் நம்மது."

கரும்புத் தண்ணீர் வாங்கப் போனேன். கடைக்கார மலாய்க்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சும்மா அவரிடம் அந்த விசிலை அடித்துக் காட்டி, இது எப்போது வரும் என்று கேட்டேன்.

"அதுவா அண்ணே? அதுதானே முதல் பாட்டு. வந்தவுடனே பாடிட்டாரு" என்றார் மலாயில். "என் பொண்டாட்டி அழுதுட்டா."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. கம்பெனிக் கேசட்டில் அது முதல் பாட்டு. பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் கழுதை, பதியும்போது அதைத் தூக்கிக் கடைசியில் போட்டிருக்கிறான். நாங்கள் கதவுக்கு வெளியே நின்ற நேரத்தில் இங்கே அது பாடி முடிந்துவிட்டது. கவிநேசன் மேல் அப்படியொரு கோபம் வந்தது. செத்தவனை என்ன செய்ய முடியும்?

திரும்பிப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அத்தை கரும்புத் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் மண்ணில் ஊன்றி வைத்தார்.

"பாட்டு வர்றப்ப பேசாதீங்க மாப்ள, என்ன?"

கடைசிப் பாட்டும் முடிந்தது. ஜோஹான் ரிம்பா நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். மக்ரிப் தொழுகைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் கூட்டமும் மறுபடி பாடச்சொல்லிக் கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது.

"அத்தை..."

"பாங்கு சொல்றாங்கல்ல. தொழுதுட்டு வந்து பாடுவாரு. உக்காருங்க."

"அத்தை, வந்து..."

"உக்காருங்க மாப்ள. இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னிக்கு அவன் கொரலு வந்துரும்."

நான் உட்கார்ந்தேன். திடல் காலியாகிக்கொண்டிருந்தது. மேடையில் இரண்டு பேர் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்கள். அத்தை காதை மறைத்திருந்த முந்தானையைப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.