மொசலுக்குச் சூடு

முயல் மறுபடியும் முடியை உதிர்த்திருந்தது. கூண்டின் மூலையில் பிரித்துப் போட்ட இலவம்பஞ்சு மாதிரி வெள்ளை முடி குவிந்து கிடந்தது. முனிரத்தினம் கையை உள்ளே விட்டு அதை வழித்து எடுத்தான். பிறகு முயலின் முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி வயிற்றைப் பார்த்தான். மார்பிலிருந்து வயிறு வரைக்கும் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. நேற்று உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருந்தது. சொறி இல்லை, புண் இல்லை, உண்ணி கடித்த தடமும் இல்லை. முடியை அள்ளிக்கொண்டு போய்த் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த முள்வேலியோரம் வீசினான். கத்திரி வெயிலின் காலைக்காற்று அதில் பாதியை வாங்கி முள்ளில் மாட்டிவைத்தது.

புத்தூரைத் தாண்டி வடமாலபேட்டைக்குப் போகும் வழியில் இருந்த ரயில்வே கேட் அது. கேட் கீப்பருக்கு ஓர் அறை, வெளியே ஒரு வேப்பமரம், மரத்தடியில் கூண்டு. கூண்டும் முயலும் செங்கம்மாவுடையவை. சந்தையில் வாங்கி வந்தபோது, கறிக்கா என்று கேட்டான். அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. இப்போது செங்கம்மா இல்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவன் எப்போது அழுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்து, அழாததால் கொஞ்சம் சப்பென்று ஆகி, சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார்கள். அவனும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கால் மரத்துப்போனால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பதுபோல, அவளுடைய புடவையை எடுத்துப் பார்த்தான், அவள் தட்டில் சோறு போட்டுத் தின்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. முயலின் முடி கொட்ட ஆரம்பித்ததும் ஒரு பயம் மட்டும் வந்தது. அவள் விட்டுப்போனதில் மூச்சு விடுவது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் பிறகு அந்த அறையில் யாரும் இல்லை.

அவனுக்குத் தெலுங்கு வராது. ஏழெட்டு வருஷமாக இதே கேட்டில் இருந்தும் வராது என்றால் அதற்குச் செங்கம்மாதான் காரணம். அவள் இந்தப் பக்கத்துக்காரி. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். ரேஷன், சந்தை, தாலுக்கா கச்சேரி, எங்கே போனாலும் அவள் பேசுவாள், அவன் பின்னால் நின்று தலையாட்டுவான். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோதும் அப்படித்தான். இப்போது எல்லையைப் பேசித் தீர்த்துத் திருத்தணி மதராஸோடு போய், புத்தூர் இங்கேயே நின்றுவிட்டபோதும் அப்படித்தான். கூட வேலை பார்த்தவர்கள் அரக்கோணத்துக்கு மாற்றல் எழுதிப் போட்டார்கள். 'நீ எதுக்குப் போவணும், நான் இருக்கறேனே' என்றாள் அவள். சரி என்று அதற்கும் தலையாட்டினான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்திருந்த கடைசி நாளிலும் அவன் தலையாட்டினான். மாடி வார்டு. மருந்து வாங்கப் போய்த் திரும்பி வந்தவனை நர்ஸ் கதவருகே நிறுத்தி, "மீ கோசம் அடுகுதோந்தி" என்றாள். மீ கோசம் என்றால் உனக்கோசரம், அது தெரியும். அடுகு என்றால் அடி. தண்டவாள வேலைக்காரர்கள் நாலு அடுகு, அஞ்சு அடுகு என்று அளந்து கேட்டிருக்கிறான். உன் இடம் அடியில், கீழே போய் இரு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். பொம்பளைகள் வார்டு, சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மருந்தை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, கீழே படிக்கட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் அவர்களாகவே வந்து கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

முயலைக் கூடையில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, புத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் முகாம் போயிருந்தார். கம்பவுண்டர் ரங்கையா இருந்தார். குண்டூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆந்திராக்காரர் என்றாலும் அவருக்குத் தமிழ் பேச ஆசை. தமிழ் ஆட்களைப் பார்த்தால் தெரிந்த நாலு வார்த்தையையும் எடுத்து வைத்துவிடுவார். "ரண்டி, வாங்க வாங்க, உக்காரு" என்றார். முயலை மேஜைமேல் வைத்து, வயிற்றில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சூடி அய்யா, சூடி. ஏம் பரவாலேது."

"சூடா?"

"ஆ, சூடி. பொச்சு அதே பீக்கிக்கும்." நெஞ்சிலிருந்து முடியைப் பிடுங்குவதுபோலத் தன் சட்டையைப் பிடித்துக் காட்டினார். முயலின் காதைத் தடவி, "சல்லகா உண்டனீ" என்று சொல்லி அனுப்பினார்.

முனிரத்தினத்துக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விஷயம் முழுசாகப் புரிந்த திருப்தி. தெலுங்கில் சூட்டுக்கு வேடி என்பார்கள், அதுகூட அவனுக்குத் தெரியும். மனுஷன் நமக்காக மெனக்கெட்டுத் தமிழில் சொல்கிறார், சூடு என்பது அவர் வாயில் சூடியாகிவிட்டது, அவ்வளவுதான். உடம்புச் சூடு. எரிச்சல் தாங்காமல் அதுவே முடியைப் பிடுங்கிக்கொள்கிறது. சல்ல என்றால் குளிர்ச்சி. செங்கம்மா இல்லாமலே ஒரு காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்தான்.

அன்றிலிருந்து அவன் அதைக் குளிரவைத்தான். கூண்டிலிருந்த வைக்கோலை உருவி எறிந்தான். சாக்கைப் பானைத் தண்ணீரில் நனைத்து அடியில் விரித்தான். காய்ந்தால் மறுபடி நனைத்தான். கீரையும் வெள்ளரிப் பிஞ்சும் கொடுத்தான். முயல் ஈரச் சாக்கில் நிற்கப் பிடிக்காமல் மூலைக்கு மூலை போனது. காய்ந்த வேப்பஞ்சருகு ஏதாவது உள்ளே விழுந்தால் வாயில் கவ்விக்கொண்டு அலைந்தது. ஒவ்வொரு காலையிலும் மூலையில் முடியைக் குவித்து வைத்தது. அவன் வழித்துக்கொண்டு போய் எறிந்தான். முயல் அசையாமல் உட்கார்ந்து அவனையே பார்க்கும். "பொறு, சூடு எறங்கிடும்" என்று சொல்வான். நாளில் அவன் யாரிடமாவது பேசினான் என்றால் அது இவ்வளவுதான்.

அன்று காலை கேட்டைத் திறந்துவிட்டு வந்தபோது ஈரச் சாக்கின்மேல் சிவப்பாக ஏதோ கிடந்தது. எலி ஏதாவது வந்து செத்துவிட்டது என்று நினைத்துக் குனிந்தான். முடியில்லாமல், கண் திறக்காமல், விரல் நீளத்துக்கு ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. முயலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. தொட்டால் ஓடைத் தண்ணீரைத் தொட்டதுபோல இருந்தது. அவன் கூண்டுக் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

கீரைக்கூடையோடு லைனைத் தாண்டி வந்த ரத்னம்மாதான் கிட்டே வந்து பார்த்தாள். செங்கம்மாவின் சிநேகிதி. மகள் பிரசவத்துக்குத் திருத்தணி போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள்.

"மொசலு ஈன்டுச்சா? ஏம்ப்பா, இப்படி ஈரத்துல போட்டு வெச்சிக்கினு கீற?" கூடையை இறக்கிவிட்டுக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். "எல்லாம் ஜில்லுனு கீது."

"சூடுன்னாரு கம்பவுண்டரு."

"இன்னான்னு சொன்னாரு? அப்படியே சொல்லு."

"சூடின்னாரு."

ரத்னம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சூடின்னா செனைப்பா. ஆடு மாடு செனையா இருந்தா அப்படித்தான் சொல்லுவாங்க. முடியப் பிச்சிப் போட்டுத்தான் மொசலு குட்டிக்கு மெத்தை கட்டும்."

"சல்லகா உண்டனீன்னாரே. குளுச்சியா வெய்யின்னு."

"நல்லா இருக்கட்டும்னு சொல்றது அது. வாழ்த்தறது." அவள் குரல் இறங்கியது. "செங்கம்மாதான் தூக்கியாந்து எங்கூட்டு ஆம்பள மொசலுகிட்ட உட்டா. காச்சல்ல படுக்கறதுக்கு முன்னாடி. குட்டி போட்டதும் உனக்குக் காட்டணும், இப்ப சொல்லாதன்னா. நானும் ஊருக்குப் போய்ட்டன்."

நாலாவது குட்டி அவள் கையில் லேசாக நெளிந்தது. "இது உசுரோட கீது" என்றாள். முந்தானையால் அதைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

முனிரத்தினம் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்தான். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அடுகுதோந்தின்னா இன்னா?"

"இன்னாது?"

"மீ கோசம் அடுகுதோந்தி."

அவள் குட்டியின் மேலிருந்த கண்ணை எடுக்கவில்லை. "உனக்கோசரம் கேக்குது. உன்ன வரச்சொல்லிக் கேட்டுக்கினே கீதுன்னு அர்த்தம்."

"அடியில போயி இருன்னு இல்லியா?"

"சேச்சே. அடுகறதுன்னா கேக்கறது. ஏன், யாரு சொன்னாங்க?"

அழுகை வரும் என்று நினைத்தான். நின்றான். காதில் ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது, அதுவும் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பாசஞ்சர்தான். போய்க் கேட்டை மூடினான். ரத்னம்மா கிட்டே வந்து, "உடம்புச் சூட்டுல வெய்யி. அதோட ஆத்தா முடி இருந்தா அதையே போட்டுச் சுத்தி வெய்யி, தேறிக்கும்" என்று குட்டியை அவன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். குட்டி இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் விலாவில் மூக்கை வைத்து எதையோ தேடியது.

ஒரு கையால் சட்டையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் பச்சைக் கொடியைப் பிடித்தான். ரயில் போனது. அது கிளப்பிய காற்றில் முள்வேலி முழுக்க ஆடியது. மாட்டியிருந்த வெள்ளை முடியில் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு தண்டவாளத்தின்மேல் பறந்தது. மிச்சம் முள்ளிலேயே இருந்தது.

கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலிக்குப் போனான். முதல் முள்ளிலிருந்து ஒரு பிடி எடுத்தான். பக்கத்து முள்ளிலிருந்து நாலு இழை. இரண்டையும் சட்டைக்குள் நுழைத்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன், "கேட்டு தெருவய்யா" என்று கூப்பிட்டான். கேட்டைத் திறக்கச் சொல்கிறான், அது அவனுக்கு நன்றாகப் புரிந்தது. விரலில் முள் ஏறாமல் அடுத்த இழையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.